ஓட்டத்தில் நின்றுபோகும் எஞ்சின்: திரும்ப ஸ்டார்ட் ஆகுமுன் பார்க்க வேண்டியவை

ஓடிக்கொண்டிருக்கும்போது நின்று, பத்து இருபது நிமிடத்தில் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடும் எஞ்சின்தான் கராஜ் வேலைகளில் மிகவும் சிரமமானது. வாகனம் கராஜுக்குள் வரும் நேரத்தில் கோளாறு அங்கே இருப்பதில்லை. ஸ்கேனரில் கோளாறுக் கோட் வராது. ஐடில் (அக்ஸிலேட்டரை மிதிக்காத ஓட்டம்) ஒழுங்காக நிற்கும். அப்போதுதான் ஊகத்தில் சாமான் மாற்றும் வேலை தொடங்குகிறது. முதலில் ப்ளக், அடுத்து கொயில், அதற்கடுத்து பெற்றோல் பம்ப் என்று ஒவ்வொன்றுக்கும் கொழும்பில் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஒரு தடவை போய் வர வேண்டியிருக்கும். எல்லாம் புதிதாகிவிடும், எஞ்சின் மட்டும் பேஸ்லைன் வீதியில் மறுபடி நிற்கும்.

எஞ்சின் நின்றிருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் கோளாறு வெளியே தெரியும். அந்த நேரத்தை ஓட்டுநர் திறப்பைத் திருப்பித் திருப்பியே கழித்துவிடுகிறார். வாகனத்தை ஓரத்தில் நிறுத்திவிட்டு அப்போதே நான்கு விஷயங்களைச் சோதித்தால், பாதிச் சாமான் செலவும் முக்கால்வாசி அலைச்சலும் மிச்சமாகும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மறுபடி திறந்தது. அதனால் கொழும்பில் ஓடுகிற கார்களில் பெரும் பங்கு பழையவை. அவற்றின் ரப்பர் ஹோஸும் வயரிங்கும் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பெற்றோல் பம்பும் ஒரே காலத்தில் முதுமை அடைகின்றன. ஒரு வாகனத்தில் இரண்டு காரணங்கள் சேர்ந்து இருப்பது சாதாரணம். ஊகம் இங்கே அதிகம் தோற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் உயிர்

எஞ்சின் நின்றதும் பிரேக் போய்விடாது. பிரேக் பூஸ்டரில் சேர்ந்திருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிப்புக்குத் தாங்கும். அதனால் பம்ப் பண்ணாமல், ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடிக்க வேண்டும். ஸ்டியரிங் பாரமாகும், ஆனால் திரும்பும். திறப்பைக் கழற்றவோ ‘லொக்’ நிலைக்குத் திருப்பவோ கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹசார்ட் லைட்டைப் போட்டு, உருண்டு செல்லும் வேகத்திலேயே இடதுபக்கம் ஒதுங்குங்கள். ஒட்டோ கியர் என்றால் உருளும்போதே நியூட்ரலுக்கு மாற்றி ஸ்டார்ட் பண்ணலாம், பார்க்கில் போடத் தேவையில்லை. மனுவல் என்றால் க்ளச்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணலாம்.

கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் நின்றால் எல்லோரையும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் இறக்கிவிட்டு, 1969க்கு அழையுங்கள். அங்கே பொனட்டைத் திறந்து சோதனை செய்ய வேண்டாம். கீழே எழுதுகிற சோதனைகள் எல்லாம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பிறகுதான்.

எப்படி நின்றது என்பதே முதல் சாட்சி

மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தால் தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

நின்ற கணத்தில் டேஷ்போர்ட் எப்படி இருந்தது? ரேடியோவும் மீற்றரும் லைட்டும் எல்லாம் ஒன்றாக இருண்டுபோனால், முழு மின்சாரமும் அறுந்திருக்கிறது. பற்றரி டேர்மினல், பெரிய ஃபியூஸ் லிங்க், இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். பம்பையும் கொயிலையும் தொடவே வேண்டாம். மாறாக பற்றரி லைட்டும் ஒயில் லைட்டும் எரிய, எஞ்சின் மட்டும் நின்றிருந்தால் இக்னிஷன் மின்சாரம் இருக்கிறது. அப்போது கோளாறு அதற்குக் கீழே எங்கோ உள்ளது.

வெட்டியதுபோல் நின்றதா, இழுத்து இழுத்து நின்றதா? சுவிட்சை அணைத்தது போன்ற திடீர் நிறுத்தம் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு: கிராங் சென்சர் (எஞ்சின் சுற்றுவதை எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது), மெயின் ரிலே (அந்தக் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுப்பது), பம்ப் ரிலே, எர்த் வயர், பிற்காலத்தில் பூட்டிய அலாரத்தின் கட் ரிலே. ஏற்றத்தில் சக்தி குறைந்து, தட்டுத் தடுமாறி, அக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் மோசமாகி நின்றால் எரிபொருள் போதவில்லை. கலர் லைட்டில் நிற்கும்போது மட்டும் ஐடில் இறங்கி அணைந்தால் காற்று அளவில் கோளாறு.

எஞ்சின் சுற்று வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் எப்படி இறங்கியது? மனுவல் கியர் வண்டியில் க்ளச்சை மிதிக்காமல் உருளும்போது, சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நிலையிலும் முள் சட்டென்று பூச்சியத்துக்கு விழுந்தால், கம்ப்யூட்டருக்கு கிராங் சென்சரின் சமிக்ஞை வரவில்லை. முள் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் சமிக்ஞை இருக்கிறது, வேறு இடத்தில் தேடலாம். ஒட்டோ கியரில் இந்த அடையாளத்தை அவ்வளவு நம்ப முடியாது.

இதோடு இன்னும் சிலவற்றை ஃபோனில் குறித்துவையுங்கள்: எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியிருந்தது, டாங்கில் எவ்வளவு பெற்றோல் இருந்தது, ஏசி போட்டிருந்ததா, மழையா, மறுபடி ஸ்டார்ட் ஆக எத்தனை நிமிடம் எடுத்தது. கராஜ் பாஸிடம் “சும்மா சும்மா ஓஃப் ஆகுது” என்று சொல்வதைவிட இந்த ஐந்து வரி அவருக்குப் பெரிய உதவி.

நின்றிருக்கும்போதே செய்யும் சோதனை

காருக்குள் வைத்திருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு டெஸ்ட் லைட், ஒரு சாதாரண மல்டிமீற்றர், 10 மி.மீ. ஸ்பானர், ஒரு கேன் கார்ப் க்ளீனர், ஃபோனோடு இணைகிற ஈஎல்எம்327 வகை புளூடூத் ஓபிடி கருவி (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சிறு ஸ்கேனர்). ஒரு பழைய சாதாரண ப்ளக்கும், அதன் உடலோடு பிணைத்த கிளிப் வயரும் இருந்தால் ஸ்பார்க் சோதனைக்கும் ஆகும்.

முதல் வேலை, ஓபிடியை இணைத்து ஆர்பிஎம் காட்டும் திரையை வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுவது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 150க்கும் 250க்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் எண் வர வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் திரையில் பூச்சியம் என்றால், கிராங் சென்சரோ அதன் வயரோதான் சந்தேக நபர். ஓபிடி கருவியே இணைய மறுத்தால் அதுவும் ஒரு சாட்சி: பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போகவில்லை, மெயின் ரிலேயையும் அதன் ஃபியூஸையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எயார் ஃபில்டருக்குப் பிறகு வருகிற குழாயைச் சற்றுத் தளர்த்தி, இரண்டு வினாடி கார்ப் க்ளீனரை உள்ளே அடித்து, குழாயை மூடிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். எஞ்சின் ஒரு கணம் ஸ்டார்ட் ஆகி மறுபடி நின்றால் ஸ்பார்க் இருக்கிறது, பெற்றோல்தான் இல்லை. எந்த மாற்றமும் இல்லையென்றால் ஸ்பார்க் பக்கம் போகலாம். குழாய் திறந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணக் கூடாது. எஞ்சின் பேக்ஃபயர் ஆகி, தீ குழாய் வழியே திரும்பி வர இடமுண்டு.

மூன்றாவது, ஸ்பார்க். கொயிலைக் கழற்றி பழைய ப்ளக்கில் மாட்டி, ப்ளக்கின் உடலைக் கிளிப் வயரால் எஞ்சினோடு எர்த் செய்து, வேறொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் கனெக்டர்களை முதலில் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் எரியாத பெற்றோல் சிலிண்டருக்குள் சேரும். ப்ளக்கைக் கையில் பிடிக்கக் கூடாது. ஸ்பார்க்கும் இல்லை, இன்ஜெக்டர் துடிப்பும் (கழற்றிய கனெக்டரில் டெஸ்ட் லைட் மினுங்குவது) இல்லையென்றால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று போயிருக்கிறது. கிராங் சென்சர், மெயின் ரிலே, இமொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) ஆகியவை அந்த வரிசையில் வரும். இந்த ஒரு தீர்ப்புக்கே சோதனை முழுவதற்கும் மதிப்புண்டு, ஏனென்றால் நான்கு கொயிலையும் மாற்றும் செலவை அது தடுக்கிறது.

நான்காவது, இக்னிஷன் ஒன் நிலையில் கொயில் கனெக்டரில் டெஸ்ட் லைட். 12 வோல்ட் வர வேண்டிய வயரில் விளக்கு எரியாவிட்டால், அங்கிருந்து பின்னோக்கி ரிலே, ஃபியூஸ், சுவிட்ச் என்று போக வேண்டும்.

பெற்றோல் பம்பின் சத்தத்தைக் கேட்டு முடிவு செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல வாகனங்களில் திறப்பை ஒன் செய்ததும் இரண்டு வினாடி பம்ப் ஓடும். பல டொயோட்டா மாடல்களில் அப்படி ஓடாது, ஸ்டார்ட்டர் சுற்றும்போதுதான் பம்ப் இயங்கும். சத்தம் கேட்கவில்லை என்று அந்த வண்டிகளில் பம்பை மாற்றியவர்கள் ஏராளம்.

சூட்டில் நின்று, ஆறியதும் ஓடுவது

கொழும்பில் இதுதான் அதிகம். பிற்பகலில், பொரளையிலிருந்து மருதானை வரை ஊர்ந்து வரும்போது பொனட்டுக்குள் காற்றோட்டம் இல்லை, ஏசி கண்டென்சரின் சூடும் சேர்கிறது. கிராங் சென்சருக்குள் இருக்கும் மெல்லிய செப்புச் சுருளில் ஒரு முறிவு இருந்தால், சூட்டில் விரிந்து பிரிகிறது. ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. இருபது முப்பது நிமிட ஓய்வுக்குப் பிறகு எதுவும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆவது இதனால்தான்.

இரண்டு வயர் உள்ள கிராங் சென்சர் என்றால் மல்டிமீற்றரில் ஓம் அளக்கலாம். ஆறியபோது ஒரு தடவை, நின்ற சூட்டிலே ஒரு தடவை. 70 பாகை சூடேறினால் செப்பின் தடை கால் பங்குக்குச் சற்று மேல் கூடுவது இயல்பு. அதற்கு மேல் தாவினாலோ, மீற்றர் முறிவைக் காட்டினாலோ சென்சர் போய்விட்டது. மூன்று வயர் உள்ளது பெரும்பாலும் ஹோல் (Hall) வகை, உள்ளே மின்னணுச் சுற்று இருக்கும். அதை ஓமில் அளந்து எந்த முடிவுக்கும் வர முடியாது; அளக்கவும் வேண்டாம், ஸ்கேனர் எண்ணே போதும்.

எஞ்சின் சூட்டில் நின்றிருக்கும்போது சென்சரின் மேல் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் விடை கிடைத்துவிட்டது. சைலன்சர் மானிபோல்டில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டொயோட்டா 1என்இசட் எஞ்சினில் இந்தச் சென்சர் கிராங் புலிக்கு (பெல்ட் சுற்றும் சக்கரம்) பக்கத்தில், ஏசி கம்ப்ரசரை ஒட்டி, 10 மி.மீ. போல்ட் ஒன்றில் இருக்கும். கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். ஒயில் கசிந்து கனெக்டருக்குள் போயிருப்பதும், வயர் புலியில் உரசியிருப்பதும் அந்த இடத்தில் வழக்கம்.

கோட் பி0335 வந்தால் கிராங் சென்சர் வட்டம் (மின்சுற்று), பி0340 வந்தால் கேம் சென்சர் வட்டம். வட்டம் என்றுதான் சொல்கிறோம், சென்சர் என்று சொல்லவில்லை. வயரும் கனெக்டரும் அந்த வட்டத்துக்குள் அடக்கம். கோட் இல்லை என்பதற்காகச் சென்சர் நல்லது என்றும் கொள்ள வேண்டாம். சூட்டில் சமிக்ஞை ஒரு நொடி அறுந்து எஞ்சின் நின்றுவிட்டால், கம்ப்யூட்டர் அதைக் கோளாறாக எண்ணாமல் எஞ்சின் அணைக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்வதுண்டு.

இதே பழக்கம் பழைய ஹொண்டா சிவிக்கின் மெயின் ரிலேக்கும் உண்டு. உள்ளே இருக்கும் ஈயப் பற்றவைப்பு வெடித்து, வெயிலில் நிறுத்திய காரில் தொடர்பு விட்டுப்போகும். மாலையில் தானாகச் சரியாகும். ரிலேயைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், பின்னைச் சுற்றி வளையமாக மெல்லிய வெடிப்பு தெரியும். மறுபடி பற்றவைத்தால் ஓடும். புதிது போடுவது இன்னும் நல்லது. ஸ்பார்க்கை ப்ளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டிகளில் இக்னைட்டர் மொட்யூலும் சூட்டில் இப்படியே சாகும்.

எரிபொருள் பக்கம்

ஒருகொடவத்தை மேம்பாலத்தில் ஏறும்போதோ, அதிவேகப் பாதையில் 90 ஐத் தாண்டும்போதோ சக்தி குறைந்து நிற்பது, சமதரையில் மெதுவாக ஓட்டினால் எதுவும் இல்லாதிருப்பது: இது அழுத்தக் குறைவு. இன்டேக்குக்குள் பெற்றோல் பீச்சுகிற பெரும்பாலான எஞ்சின்களில் அழுத்தம் 3 பார் (300 கிலோபாஸ்கல்) அளவில் இருக்க வேண்டும். டொயோட்டாவின் பல மாடல்களுக்கு 304 முதல் 343 கிலோபாஸ்கல். எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்தும் 147க்குக் கீழே போகக் கூடாது. அழுத்தம் அளக்கும் கேஜைக் கட்டி, ஒரு நீளக் குழாயோடு முன் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் டேப் ஒட்டி, கோளாறு வருகிற அதே பாதையில் ஓட்டிப் பார்ப்பதே சரியான முறை. கராஜில் நிறுத்தி ஐடிலில் மட்டும் அளந்தால் அடைபட்ட ஃபில்டரும் நல்ல எண்ணையே காட்டும், ஏனென்றால் ஐடிலுக்குத் தேவையான பெற்றோல் மிகக் குறைவு.

அழுத்தம் விழுந்தால் உடனே பம்ப் வாங்கப் போக வேண்டாம். பம்ப் கனெக்டரில், அது ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் அளவுங்கள். பற்றரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் பம்பில் குற்றமில்லை. ரிலே முனை கருகியிருக்கும், அல்லது பம்பின் எர்த் வயர் துருவேறியிருக்கும். வோல்டேஜ் சரியாக இருந்து, பம்ப் இழுக்கும் மின்னோட்டம் வழக்கமான 4 முதல் 7 அம்பியருக்கு மேல் நின்றால் பம்ப் இறுகுகிறது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. நின்றிருக்கும்போது டாங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டியதும் ஓடத் தொடங்கினால், பம்பின் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அது வீடு வந்து சேர மட்டுமே உதவும், அடுத்த நாள் மாற்றத்தான் வேண்டும்.

2022இல் பெற்றோல் செட்டுகளில் நாட்கணக்காக நின்ற வரிசைகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். டாங்கின் அடிவரை ஓட்டியதும், கேனில் சேர்த்து வைத்ததை ஊற்றியதும் அப்போது தவிர்க்க முடியாதவை. அந்தக் காலத்து அழுக்கு இன்றும் சில டாங்குகளில் இருக்கிறது. பம்பைக் கழற்றினால் அடியில் உள்ள வலை கறுத்து, விரலால் தொட்டால் மாப்போல் படிவு வரும். பம்பை மட்டும் மாற்றி அந்த வலையையும் டாங்கையும் விட்டுவிட்டால், புதிய பம்பும் சில மாதங்களில் அதே வழியில் போகும். பம்பை பெற்றோலே குளிர்விக்கிறது. எப்போதும் கால் டாங்குக்கு மேல் வைத்திருப்பது அதனால்தான் நல்லது.

பம்பைக் கழற்ற, டாங்கில் பாதிக்குக் குறைவாக இருக்கும்போது தொடங்குங்கள். பம்ப் ஃபியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் குழாயின் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பற்றரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். பல ஜப்பான் கார்களில் பின்சீட்டுக்குக் கீழே மூடி இருக்கும். கதவுகளைத் திறந்துவைத்து, பொறி பறக்கும் எதையும் பக்கத்தில் வைக்காமல் வேலை செய்யுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடாவிட்டால் காருக்குள் பெற்றோல் மணம் நிரந்தரமாக இருக்கும்.

ஒரு சிறிய விஷயம், பலர் விட்டுவிடுவது: டாங்க் மூடியின் காற்றுத் துளை. நின்றதும் மூடியைத் திறந்தால் “புஸ்” என்று காற்று உள்ளே இழுபடுகிறதா? மூடியைத் தளர்த்தியபின் தடையின்றி ஓடுகிறதா? அப்படியென்றால் துளை அடைத்திருக்கிறது. இது த்ரீவீலிலும் மோட்டார் சைக்கிளிலும் அதிகம்.

கலர் லைட்டில் மட்டும் அணைவது

வெள்ளவத்தையில் ஏசியோடு நிறுத்தியதும் ஆர்பிஎம் 700லிருந்து 400க்கு இறங்கி அணைகிறது, அக்ஸிலேட்டரைச் சற்று மிதித்தபடி வைத்திருந்தால் அணையாது. இங்கே பம்பும் கிராங் சென்சரும் பெரும்பாலும் குற்றமற்றவை. எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் த்ரொட்டில் பொடியின் தட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கும், பழைய மாடல்களில் ஐடில் வால்வ் இறுகியிருக்கும். க்ளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். மின்சாரத்தில் இயங்கும் தட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கியர் உடையும். சுத்தம் செய்தபின் ஐடில் தாறுமாறாக இருந்தால் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் பழைய அழுக்குக்கு ஏற்பத் திறக்கக் கற்றிருந்தது, மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அதன் முறை மாடலுக்கு மாடல் வேறு.

எங்கோ காற்று கசிகிறதா என்பதை ஓபிடியில் உள்ள ஃபியூவல் ட்ரிம் எண் (கம்ப்யூட்டர் பெற்றோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்) சொல்லிவிடும். ஐடிலில் கூட்டல் 15, 20 என்று இருந்து, 2500 ஆர்பிஎம்மில் பூச்சியத்துக்குப் பக்கம் வந்தால் வெற்றிடக் குழாயில் வெடிப்பு. எஞ்சினின் உள் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸின் அடிப்பக்க வளைவைத் தடவிப் பாருங்கள், வெடிப்பு பெரும்பாலும் கண்ணில் படாத பக்கத்தில்தான் இருக்கும். மாறாக ஐடிலில் நன்றாக இருந்து வேகத்தில் கூடினால், பெற்றோல் போதவில்லை அல்லது எயார் ஃப்ளோ சென்சர் அழுக்கு. பெற்றோல் அடித்து முடித்து ஸ்டார்ட் பண்ணியதும் தடுமாறி நின்றால், டாங்கின் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வ் திறந்தபடி சிக்கியிருக்கும்.

ஒட்டோ கியர் வண்டி நிற்க வரும்போது, க்ளச் மிதிக்காமல் நிறுத்திய மனுவல் வண்டிபோல் உதறி அணைந்தால் கியர் பெட்டியைப் பாருங்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் நியூட்ரலுக்கு மாற்றினால் அணையவில்லை என்றால், எஞ்சினையும் கியர் பெட்டியையும் பூட்டும் லொக்-அப் சொலனொயிட் (மின்வால்வ்) விடாமல் பிடித்திருக்கிறது.

வகன் ஆர் எஃப்இசட், அக்வா, பிரியஸ் போன்றவற்றைப் புதிதாக வாங்கியவர்களுக்கு: மெதுவாகும்போது எஞ்சின் தானாக அணைவது அவற்றின் இயல்பு. எச்சரிக்கை விளக்கு எதுவும் இல்லாமல், பிரேக்கை விட்டதும் அல்லது அக்ஸிலேட்டரைத் தொட்டதும் ஓடினால் கோளாறு இல்லை.

வயரிங், அலாரம், கடல் காற்று

இந்த ஊரில் திடீர் நிறுத்தத்துக்குக் காரணம் தேடும்போது, கம்பெனி பூட்டாத எதுவும் முதல் சந்தேகத்துக்குரியது. இறக்குமதிக்குப் பிறகு பூட்டிய அலாரம், ட்ராக்கர், ரகசியக் கட் சுவிட்ச் எல்லாம் இக்னிஷன் வயரையோ பம்ப் வயரையோ வெட்டி, நடுவே ஒரு ரிலேயை வைத்துத்தான் வேலை செய்கின்றன. இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, பல வருட அதிர்விலும் சூட்டிலும் தளர்கிறது. டேப்பின் பசை உருகி ஒழுகுகிறது, ரிலே முனை கருகுகிறது. பள்ளத்தில் விழுந்ததும் நிற்கிறது, அடுத்த பள்ளத்தில் ஓடுகிறது.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள கவரைக் கழற்றி, தொழிற்சாலை டேப்பில் இல்லாத வயர் ஒவ்வொன்றையும் பின்தொடருங்கள். எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக மெல்ல ஆட்டுங்கள். திறப்பையும் இக்னிஷனில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், கனத்த திறப்புக் கொத்து தொங்கும் வண்டிகளில் சுவிட்ச் முனை தேய்ந்துபோகும். கட் ரிலே சந்தேகம் என்றால் அதை முழுவதும் அகற்றி, வெட்டிய வயரை ஈயம் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, பழைய நிலைக்குக் கொண்டுவந்து சில வாரம் ஓட்டுங்கள். அலாரம் இல்லாமல் இருப்பது கவலைதான். பேஸ்லைன் வீதியின் நடு லேனில் நிற்பது அதைவிட ஆபத்து.

மரைன் டிரைவ், காலி வீதி, முகத்துவாரம் பக்கம் வீதியோரம் நிறுத்தும் வண்டிகளில் எர்த் போல்ட்டுகளைத் தவறாமல் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் வெளியே பளபளப்பாகத் தெரிகிற வயர் முனையின் (லக்) அடிப்பக்கம் பச்சை பூத்திருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி இரண்டையும் போட்டு, மீற்றரின் ஒரு முனையை பற்றரி நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை எஞ்சின் பிளொக்கிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை. காரின் பொடியிலும் (உடல் தகட்டிலும்) அதே சோதனை. போல்ட்டைக் கழற்றி, உரசி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பற்றரியில் ஓட்டத்தில் 13.5 முதல் 14.7 வோல்ட் இருக்கிறதா என்பதையும் அதே நேரம் பார்த்துவிடுங்கள். ஒல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாமல் இரவில் லைட்டோடும் வைப்பரோடும் ஓடிய வண்டி, வோல்டேஜ் இறங்கி இறங்கிக் கடைசியில் நிற்கும். அதற்கு முன்பே பற்றரி லைட் எரிந்திருக்கும்.

எலியையும் சொல்லாமல் விட முடியாது. காணுக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டிகளில் இன்ஜெக்டர் வயரையும் சென்சர் வயரையும் அது கடிக்கிறது. ஒரு இழையில் தொங்குகிற வயர், எஞ்சின் குலுங்கும்போது மட்டும் விடுபடும்.

மழையில்

ஈரத்தில் மட்டும் நின்றால் ப்ளக்குக்குப் போகும் ஹை டென்ஷன் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கொயிலின் ரப்பர் உறை ஆகியவற்றைப் பாருங்கள். இரவில் பொனட்டைத் திறந்து, எஞ்சின் ஓட, தண்ணீரைப் புகைபோல் தெளித்துப் பாருங்கள். கசிகிற இடத்தில் நீலப் பொறி ஓடும்.

வெள்ளத்துக்குள் போய் நின்றது வேறு விஷயம். வெள்ளம்பிட்டி, கொலன்னாவை பக்கத்து வீதிகளில் நீர் ஏறும்போது அதில் ஓட்டி நின்றுவிட்டால், திறப்பை மறுபடி திருப்பவே கூடாது. காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், அது அமுங்காது, கனெக்டிங் ரொட்டே வளையும். தள்ளிக்கொண்டு வந்து, எயார் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் எல்லா ப்ளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர் கனெக்டர்களையும் கழற்றி, தண்ணீர் வெளியேறும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஒயில் ஸ்டிக்கில் பால் நிறம் தெரிந்தால் ஸ்டார்ட் பண்ணுமுன் ஒயிலை மாற்ற வேண்டும்.

த்ரீவீலும் டீசலும்

கார்புரேட்டர் உள்ள த்ரீவீலில் வரிசை எளிது. டாங்க் மூடித் துளை, பெற்றோல் டெப், ஃபில்டர், அதன்பின் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகு. நின்றதும் அந்தத் திருகைத் தளர்த்துங்கள். பெற்றோல் நன்றாக ஒழுகினால் பாதை சரி, ஸ்பார்க்கைப் பாருங்கள். ஒழுகாவிட்டால் மேலே அடைப்பு. ஒரு சிறிய கண்ணாடிப் போத்தலில் பிடித்தால் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்பதும் தெரியும். ஐடிலில் மட்டும் நின்றால் பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெற்றோல் விடும் சிறு துளை). கம்பியால் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், துளை பெரிதானால் பிறகு டியூன் நிற்காது.

பழைய டொல்பின் வான் போன்ற பம்ப் டீசலில் (கம்ப்யூட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் பம்ப் வகை) ஃபில்டருக்கு மேலே உள்ள ஹாண்ட் பம்ப்தான் மருத்துவர். நின்றதும் அழுத்திப் பாருங்கள். இறுக்கமில்லாமல் தொளதொளவென்று போனால் காற்று உள்ளே இழுபடுகிறது. அழுத்தியது மேலே எழும்பாமல் கீழேயே ஒட்டிக்கொண்டால் டாங்க் பக்கம் அடைப்பு. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு அடி நீளத்துக்குத் தெளிந்த குழாயைப் போட்டு ஓட்டினால் குமிழிகள் கண்ணில் தெரியும். பம்பின் கட் சொலனொயிட்டுக்கு 12 வோல்ட் வருகிறதா என்பது அடுத்த சோதனை. அந்த ஒற்றை வயர் தளர்ந்து நின்ற வான்கள் நிறைய. கம்ப்யூட்டரால் இயங்கும் கொமன் ரெயில் வகை டொயோட்டா 1கேடி எஞ்சினில் கலர் லைட்டில் நிற்பதும் ஏறி இறங்கி ஆடும் ஐடிலும் சேர்ந்து வந்தால், பம்புக்குள் போகும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் சக்ஷன் கன்ட்ரோல் வால்வைப் பாருங்கள். அதை மாற்றுமுன் ஃபில்டரை மாற்றி, கீழே தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள்.

சாமான் வாங்கும்போது

சென்சர் வகையில் மலிவான நகல் பெரும் தலைவலி. புதிது என்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை, அதுவோ இரண்டாம் நாளே சூட்டில் விடும். ஜெனுயின் விலை கட்டுப்படாவிட்டால், அதே எண் பொறித்த ஜப்பான் ரீகண்டிஷன் (பாவித்த) சென்சரை வாங்குவது எங்கள் அனுபவத்தில் மேல். பழைய சாமானைக் கையில் கொண்டுபோய், எண்ணையும் கனெக்டரில் உள்ள பின்களின் (pin) எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, சோதித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாமா என்று பணம் கொடுக்குமுன் கேளுங்கள். பெற்றோல் பம்பைப் பொறுத்தவரை ரீகண்டிஷன் வேண்டாம். அதன் பிரஷ் எவ்வளவு தேய்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மாற்றிய பிறகு, காலையில் வெறும் வீதியில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து வாகனத்தை ஒப்படைப்பது போதாது. கோளாறு எந்த நிலையில் வந்ததோ அந்த நிலையை உண்டாக்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு, ஏசி போட்டு, நெரிசலில் ஒரு மணித்தியாலம். ஏற்றத்தில் நின்ற வண்டியென்றால் அதே மேம்பாலம், அதே அளவு பெற்றோலோடு. வெளியே எடுக்க முடியாதென்றால் ஹீட் கன்னால் சென்சரையும் ரிலேயையும் கை வைக்க முடியாத சூடுவரை மெல்லச் சூடாக்கி, எஞ்சின் ஓடுவதைப் பாருங்கள். பழைய சாமானைத் தூக்கி எறியாமல் ஒரு மாதம் டிக்கியில் வைத்திருங்கள். கோளாறு திரும்ப வந்தால், பழைய சாமான் நல்லதாகவே இருந்திருக்கலாம், புதியதில் குறை இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் அது கையில் இருக்கும்.